சிங்கப்பூர் ஆகாயப்படையின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 9 தேசிய தின அணிவகுப்பில் போர் விமானங்கள் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போனதும் அதே சந்தேகங்கள் கிளம்பிவிடும். பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். விமானத் தளம் உள்ள தெங்கா பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள். தேசிய சேவை எனும் கட்டாய ராணுவ சேவைக்குப் போகும் பையன்களின் பெற்றோர் கேட்பார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஆகாயப்படை தொடங்கினது 1968-ஆ, 1975-ஆ? ரெண்டு தேதியும் சொல்றாங்களே?

இரண்டும் சரி. 1968 செப்டம்பர் 1 அன்று 'சிங்கப்பூர் ஆகாயத் தற்காப்புத் தலைமையகம்' என்ற பெயரில் அமைப்பு உருவானது. 1975 ஏப்ரல் 1 அன்று அது தனிப் படையாகி, 'சிங்கப்பூர்க் குடியரசு ஆகாயப்படை' என்று பெயர் மாறியது. ஆகாயப்படை தினம் செப்டம்பர் 1-இல் கொண்டாடப்படுவதால், பிறந்தநாள் எது என்று கேட்டால் 1968 என்று சொல்வதே பொருத்தம்.

பிரிட்டிஷ்காரங்கதான் இங்கேயே இருந்தாங்களே, அப்புறம் என்ன அவசரம்?

அவர்கள் கிளம்பப் போகிறார்கள் என்பதுதான் அவசரம். 1968 ஜனவரியில் பிரிட்டனின் வில்சன் அரசாங்கம், சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள படைகளை 1971-இன் இறுதிக்குள் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தெங்கா, சாங்கி, சிலேத்தார், செம்பவாங் ஆகிய நான்கு விமானத் தளங்களும் அப்போது அவர்கள் கையில் இருந்தன. சிங்கப்பூரிடம் ஒரு போர் விமானம்கூட இல்லை. பயிற்சி பெற்ற போர் விமானியும் இல்லை.

தரைப்படையை ஓரிரு ஆண்டுகளில் ஓரளவு கட்டிவிடலாம். விமானியோ, ராடார் இயக்குபவரோ, எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் நுட்பரோ உருவாக அதைவிட அதிக காலம் பிடிக்கும். அதனால்தான் அறிவிப்பு வந்த அதே ஆண்டில் வேலை தொடங்கியது. 1971 நவம்பரில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றின் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு நடப்புக்கு வந்தது. ஆனால் தாக்குதல் நடந்தால் கலந்து பேச வேண்டும் என்பதே அதில் உள்ள கடப்பாடு. தானாகவே யாரும் விமானம் அனுப்ப வேண்டும் என்று அது சொல்லவில்லை.

முதல்ல வந்த விமானம் எது? ஓட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தாங்களா?

1968 ஆகஸ்டில் ஆறு பேர் விமானி பயிற்சிக்காக பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். 1969 மே மாதம் எட்டு செஸ்னா 172 விமானங்கள் வந்தன. ஒற்றை புரொப்பெல்லரும் நான்கு இருக்கைகளும் கொண்ட, விமானக் கழகங்களில் பயன்படும் சாதாரண விமானம் அது. அடிப்படைப் பயிற்சிக்கு அது போதும். அடுத்து ஜெட் பயிற்சிக்கு 16 ஸ்ட்ரைக்மாஸ்டர், ஹெலிகாப்டர் பணிக்கு எட்டு அலூட், 1970-இல் முதல் உண்மையான போர் விமானமாக ஹாக்கர் ஹண்டர்.

தொடக்கத்தில் பயிற்றுநர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள். தரையில் பிரிட்டிஷார் விட்டுச்சென்ற பிளட்ஹவுண்ட் ஏவுகணைகளைச் சிங்கப்பூர் வாங்கிக்கொண்டது. தளமும் கருவியும் கைமாறுவதில் ஒரு பெரிய வசதி இருந்தது: அங்கே ஏற்கெனவே வேலை பார்த்த உள்ளூர் ஆட்களும் கூடவே கிடைத்தார்கள்.

போர் விமானங்கள் எந்த வரிசையில் வந்தன? சுருக்கமா சொல்லுங்க.

ஹண்டர் (1970 முதல் 1992 வரை), ஏ-4 ஸ்கைஹாக் (1974 முதல், சிங்கப்பூரில் 2005 வரை, பிரான்ஸில் பயிற்சிக்கு 2012 வரை), எஃப்-5 (1979 முதல் 2015 வரை), எஃப்-16 (முதல் எட்டும் 1990-இல் சிங்கப்பூர் வந்தன, மேம்பட்ட வகைகள் 1998 முதல்), எஃப்-15எஸ்ஜி (2005-இல் தேர்வு, 2009-இலிருந்து சேவை). அடுத்து வரவிருப்பது எஃப்-35.

பணம் இருந்தும் அமெரிக்கா தூக்கிப் போட்ட பழைய ஸ்கைஹாக்கை ஏன் வாங்கினாங்க?

1972-இல் இன்றைய பணம் இல்லை. அமெரிக்கக் கடற்படை ஓய்வு கொடுத்து அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தி வைத்திருந்த 40 ஏ-4பி விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. முதல் எட்டும் அமெரிக்காவிலேயே புதுப்பிக்கப்பட்டன. மீதி பாகம் பாகமாகச் சிங்கப்பூர் வந்து இங்கேயே மறுபடி கட்டப்பட்டன. இந்தக் கொள்முதலின் உண்மையான பலன் அதுதான் என்பது எங்கள் கருத்து. விமானத்தோடு, விமானத்தைப் பிரித்துக் கட்டும் தொழிலும் ஊருக்கு வந்தது. இன்று உலகின் விமான நிறுவனங்கள் பழுதுபார்ப்புக்குச் சிங்கப்பூரைத் தேடி வருவதற்கு அந்தப் பட்டறைகளும் ஒரு வேர்.

செய்த மாற்றங்கள் சாதாரணமானவை அல்ல. மூல விமானத்தின் 20 மில்லிமீட்டர் பீரங்கிகளை எடுத்துவிட்டு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகளை வைத்தார்கள். ஹண்டரிலும் அதே வகை இருந்ததால் குண்டு இருப்பும் பராமரிப்பும் ஒன்றாகின. தரையிறங்கியதும் வேகத்தைக் குறைக்க வாலுக்கு அடியில் பாரசூட்டும், இறக்கையின் தூக்குவிசையைக் கொல்லும் தடுப்புப் பலகைகளும் சேர்ந்தன. கப்பல் தளத்தில் கம்பியைப் பிடித்து நிற்கப் பழகிய விமானம், தரை ஓடுபாதையில் தானாகவே நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

1980-களில் எஞ்சின் முதுமை தலைதூக்கியது. பழைய ஜே65 எஞ்சின் சுமார் 8,100 பவுண்டு உந்துவிசை தரும். அதற்குப் பதில் எஃப்/ஏ-18 விமானத்தின் எஃப்404 எஞ்சினைப் பின்னெரிப்பான் (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பகுதி) இல்லாமல் பொருத்தினார்கள். உந்துவிசை சுமார் 10,800 பவுண்டு ஆனது. அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 1950-களின் உடலும் 1980-களின் எஞ்சினும் சேர்ந்த அந்த விமானத்துக்கு 'சூப்பர் ஸ்கைஹாக்' என்று பெயர்.

ஸ்கைஹாக் படத்துல ஒண்ணுக்கு ரெண்டு கண்ணாடி மூடி இருக்கே, அது என்ன வகை?

அது டிஏ-4எஸ், சிங்கப்பூருக்கு மட்டுமே உரிய பயிற்சி விமானம். அமெரிக்காவின் இரட்டை இருக்கை ஸ்கைஹாக்கில் இருவரும் ஒரே நீண்ட மூடிக்குக் கீழ் உட்காருவார்கள். இங்கே ஒற்றை இருக்கை விமானத்தை வெட்டி, சுமார் 28 அங்குல நீளத்துக்கு உடலை நீட்டி, பயிற்றுநருக்கு இன்னொரு அறையும் தனி மூடியும் வைத்தார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முதுகில் இரண்டு திமில்கள் தெரியும். அருங்காட்சியகத்தில் ஸ்கைஹாக்கைப் பார்த்தால் முதலில் அதைக் கவனியுங்கள். எந்த நாட்டு விமானம் என்பது உடனே தெரிந்துவிடும்.

ஊரே இத்தனூண்டு. இவ்வளவு விமானத்தை வச்சுக்கிட்டு எங்கே பயிற்சி பண்றாங்க?

நியாயமான கேள்வி. கிழக்கிலிருந்து மேற்கே சிங்கப்பூரின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதைக் கடக்க மூன்று நிமிடமும் சொச்சமும் போதும். திரும்புவதற்கு வளைந்தாலே அண்டை நாட்டு வான்வெளி வந்துவிடும். கூடவே சாங்கியின் பயணிகள் விமானப் போக்குவரத்து வேறு. தென்சீனக் கடல் மேல் ஓரளவு இடம் இருந்தாலும், குண்டுவீச்சுப் பயிற்சி, தாழ்வாகப் பறத்தல், பல விமானங்கள் கூடி மோதும் பெரிய பயிற்சி எல்லாவற்றுக்கும் அது பற்றாது.

ஆகவே படையின் ஒரு பகுதி நிரந்தரமாக வெளிநாட்டில் வாழ்கிறது. அடிப்படைப் பயிற்சி மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்தில், 2008 முதல் பிசி-21 விமானங்களில் நடக்கிறது. போர் விமானத்துக்குப் போகிறவர்கள் அங்கிருந்து பிரான்ஸின் கஸோ தளத்துக்குச் செல்கிறார்கள். 1998 முதல் அங்கே சிங்கப்பூர்ப் பிரிவு உண்டு, இப்போது எம்-346 விமானங்களுடன். அமெரிக்காவில், எஃப்-16 பிரிவு நீண்ட காலம் அரிசோனாவின் லூக் தளத்தில் இருந்தது; எஃப்-15எஸ்ஜி பிரிவு ஐடஹோவின் மவுண்டன் ஹோம் தளத்தில் இயங்கிவருகிறது. ஹெலிகாப்டர்களுக்கு ஆஸ்திரேலியாவின் ஓக்கி.

இடத்துக்காக விமானத்தையே கொடுத்ததும் உண்டு. முதலில் வாங்கிய எஃப்-16-களில் எஞ்சியிருந்த ஏழையும் 2004-05 வாக்கில் தாய்லாந்துக்கு அளித்து, பதிலுக்கு அந்நாட்டின் உடோன் தளத்தில் பயிற்சி செய்யும் உரிமையைப் பெற்றார்கள்.

அப்போ ஆபத்துன்னு வந்தா பாதி விமானம் உலகத்தோட மறுபக்கம் இருக்குமே?

பாதி இல்லை. வெளியில் இருப்பவை பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டவை. நாட்டைக் காக்கும் ஸ்குவாட்ரன்கள் எனும் விமானப் பிரிவுகள் தெங்கா, பாய லேபார், சாங்கி, செம்பவாங் தளங்களிலேயே இருக்கின்றன. தொலைவைச் சமாளிக்க வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்கள் உண்டு. முன்பு நான்கு கேசி-135, இப்போது ஆறு ஏ330.

வெளிநாட்டுப் பிரிவு இருக்கும் இடத்திலேயே பயன்பட்ட சம்பவமும் உண்டு. டெக்சாஸின் கிராண்ட் பிரெய்ரியில் சிங்கப்பூரின் சினூக் ஹெலிகாப்டர்கள் பயிற்சிக்கு நின்றிருந்தன. 2005-இல் கத்ரீனா சூறாவளி லூயிசியானாவை அடித்துப் போட்டபோது நான்கு சினூக்குகள் அங்கே பறந்து மக்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்கின. அதற்கு முந்தைய டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, சாலை துண்டிக்கப்பட்ட, இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்து மூலாபோ நகருக்குச் சிங்கப்பூரிலிருந்து சினூக்குகள் சென்றன.

லிம் சூ காங் ரோட்டுல விமானம் இறங்கினதா சொல்றாங்க. உண்மையா, கிராஃபிக்ஸா?

உண்மை. 1986-இல் தொடங்கிய 'டோரண்ட்' பயிற்சி அது. எதிரி முதலில் அடிப்பது ஓடுபாதையைத்தான். பெரிய நாடு பின்னால் இருக்கும் இன்னொரு தளத்துக்கு நகரும். சிங்கப்பூரில் 'பின்னால்' என்று ஓர் இடமே இல்லை. ஆகவே தெங்கா தளத்தை ஒட்டிய சாலையின் ஒரு நீட்டம், தேவைப்பட்டால் ஓடுபாதையாகும் வகையில் நேராகவும் நடுத்திட்டு இல்லாமலும் அமைக்கப்பட்டது. பயன்படும் நீளம் 2,500 மீட்டர், அகலம் 24 மீட்டர். வழக்கமான ராணுவ ஓடுபாதையின் அகலம் இதைவிட வெகு அதிகம் என்பதால், தரையிறங்கும் விமானிக்குப் பிழை செய்ய இடமே கிடையாது.

சாலையை மாற்றும் வேலை சில நாட்கள் பிடிக்கும். முதலில் போக்குவரத்தை நிறுத்துவார்கள். விளக்குக் கம்பங்கள், பேருந்து நிறுத்தக் கூரைகள், வழிகாட்டிப் பலகைகள், தடுப்பு வேலி எல்லாவற்றையும் கழற்றுவார்கள். அடுத்து வருவது தரையைக் கூட்டுவது. பார்க்க அற்பமாகத் தோன்றும் இந்த வேலையில்தான் அதிக கவனம் வேண்டும். எஃப்-16-இன் காற்றுப் புகுவாய் வயிற்றுக்கு அடியில், தரைக்கு வெகு அருகில் இருக்கிறது. ஒரு சிறு கல்லோ ஆணியோ உள்ளே இழுக்கப்பட்டால் எஞ்சினின் விசிறித் தகடுகள் சிதைந்துவிடும். இறுதியாக நடமாடும் கட்டுப்பாட்டுக் கோபுரம், ஓடுபாதை விளக்குகள், விமானத்தின் கொக்கியைப் பிடித்து நிறுத்தும் தடுப்புக் கம்பி ஆகியவற்றை அமைப்பார்கள்.

ராடார் இருக்கும்போது பெரிய வெள்ளை பலூன் எதுக்கு?

தரையில் நிற்கும் ராடார் நேர்க்கோட்டில்தான் பார்க்கும். பூமியின் வளைவு ஒரு பக்கம் மறைக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு உயரும் அடுக்குமாடிகள் இன்னொரு பக்கம் மறைக்கின்றன. தாழ்வாக வரும் விமானமும் சிறு படகும் அந்த மறைவில் ஒளிந்துகொள்ளலாம். 55 மீட்டர் நீளமுள்ள அந்தக் கட்டுப்பலூன் 600 மீட்டர் உயரத்தில் ராடாரைத் தூக்கிப் பிடித்து, சுமார் 200 கிலோமீட்டர் வரை பார்க்கிறது. அடிக்கடி எரிபொருள் நிரப்பி, விமானி மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியதில்லை என்பதால் செலவும் குறைவு. இடி மின்னல் வந்தால் மட்டும் கீழே இறக்க வேண்டியிருக்கும்.

இதே காரணத்துக்காகத்தான் 1980-களிலேயே முதுகில் வட்ட ராடார் சுமக்கும் ஈ-2சி ஹாக்ஐ விமானங்கள் நான்கு வாங்கப்பட்டன. இப்போது அந்த வேலையை ஜி550 விமானங்கள் செய்கின்றன.

1983 கேபிள் கார் விபத்துல ஆகாயப்படை என்ன செய்தது?

ஜனவரி 29 மாலை, கெப்பல் துறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட எண்ணெய்த் துரப்பணக் கப்பலின் உயர்ந்த கோபுரம், செந்தோசா தீவுக்குச் செல்லும் கேபிள் காரின் கேபிளில் சிக்கியது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மேலும் நான்கு பெட்டிகளில் 13 பேர், நடு வானில், இருட்டில் தொங்கினார்கள்.

மீட்டது பெல் 212 ஹெலிகாப்டர்கள். சிக்கல் என்னவென்றால், ஹெலிகாப்டர் தாழ்ந்து வந்தால் அதன் சுழலிக் காற்றே பெட்டியை ஊஞ்சலாட்டி, ஏற்கெனவே பலவீனமான கேபிளிலிருந்து பிய்த்துவிடலாம். உயரமாக நின்றாலோ, இறக்கும் கம்பி காற்றில் ஊசலாடும். இரண்டுக்கும் நடுவே ஓர் உயரத்தைப் பிடித்து, கடற்காற்றில் அசையாமல் நிற்க வேண்டும். கம்பியில் இறங்கிய வீரர் ஆடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் புகுந்து, பயத்தில் உறைந்திருந்தவர்களுக்குப் பட்டை மாட்டி ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். விடிவதற்குள் 13 பேரும் உயிரோடு மீண்டார்கள். போரே காணாத இந்தப் படையின் வரலாற்றில் இதைவிடப் பெருமைக்குரிய இரவு வேறில்லை.

மதுரை பிளைட்டைப் போர் விமானம் துரத்துச்சாமே?

துரத்தவில்லை, துணைக்குப் போனது. 2024 அக்டோபர் 15 அன்று மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் வெடிகுண்டு இருப்பதாக மிரட்டல் வந்தது. இரண்டு எஃப்-15எஸ்ஜி விமானங்கள் கிளம்பி, அதை மக்கள் நெருக்கமான பகுதிகளிலிருந்து விலக்கி அழைத்து வந்தன. இரவு 10 மணி தாண்டி அது சாங்கியில் பத்திரமாக இறங்கியது. மிரட்டல் பொய்.

இதற்கென விமானங்களும் விமானிகளும் 24 மணி நேரமும் ஆயத்த நிலையில் இருக்கிறார்கள். மேலே சொன்ன மூன்று நிமிடக் கணக்கை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். 2008 ஜனவரியில் அனுமதி பெற்ற பறப்புத் திட்டம் இல்லாமல் ஒரு சிறு செஸ்னா 208 நுழைந்தபோது எஃப்-16-கள் எழும்பின. சாங்கி விமான நிலையம் சுமார் 50 நிமிடம் மூடப்பட்டது.

இந்தியாவோட ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 2004-இல் குவாலியரில் இரு நாட்டு விமானங்களும் சேர்ந்து பயிற்சி செய்தன. 2007 உடன்பாட்டின்படி மேற்கு வங்காளத்தின் கலைகுண்டா தளத்தில் சிங்கப்பூர் விமானங்கள் சென்று பயிற்சி பெறுகின்றன. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையின்போது இரண்டு சி-130 விமானங்கள் 256 ஆக்சிஜன் உருளைகளை இந்தியாவுக்கு எடுத்துச் சென்றன.

என் பையன் தேசிய சேவைக்குப் போறான். போர் விமானம் ஓட்ட விடுவாங்களா?

கட்டாய சேவைக் காலத்துக்குள் முடியாது. மேலே சொன்ன பியர்ஸ், கஸோ, அமெரிக்கா என்ற வரிசையை முடிக்கவே சில ஆண்டுகள் ஆகும். ஆகவே விமானிகள் ஒப்பந்தத்தில் சேரும் முழுநேரப் படைவீரர்கள். சேவைக் காலத்திலேயே விண்ணப்பித்துத் தேர்வானால் அந்தப் பாதையில் போகலாம். மற்றபடி தளக் காவல், வான் தற்காப்புப் பிரிவுகள் போன்றவற்றில் தேசிய சேவையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2024-இல் தெங்காவில் எஃப்-16 விழுந்ததே. விமானி தப்பா, விமானம் தப்பா?

விமானி தவறில்லை. மே 8 அன்று மேலெழும்பும் தருவாயிலேயே கோளாறு ஏற்பட்டது. விமானி இருக்கையோடு வெளியேறித் தப்பினார். விமானம் தளத்துக்குள்ளேயே விழுந்தது.

எஃப்-16 தானாகவே நிலையாகப் பறக்கும் வடிவமைப்பு அல்ல. கணினிதான் நொடிக்கு நொடி அதைச் சமன் செய்கிறது. மூக்கு எவ்வளவு வேகமாக ஏறுகிறது, இறங்குகிறது என்பதைச் சொல்ல ஜைரோஸ்கோப் எனும் உணர்கருவிகளில் மூன்று முதன்மைக் கருவிகளும் ஒரு மாற்றுக் கருவியும் உள்ளன. ஒன்று மற்ற இரண்டோடு ஒத்துப்போகாவிட்டால் கணினி அந்த ஒன்றை ஒதுக்கிவிடும். ஒரே ஒரு கருவி கெடும்போது இந்த முறை உயிர் காக்கும். அன்றைக்கு மூன்றில் இரண்டு, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி தவறான தகவலைக் கொடுத்தன. கணினி சரியாக இருந்ததை ஒதுக்கியது. இப்படிப்பட்ட பழுது பதிவானது இதுவே முதல் முறை என்று தயாரிப்பாளர் தரப்பு தெரிவித்ததாகத் தற்காப்பு அமைச்சு கூறியது.

எஃப்-35-ல பி வகையும் வாங்குறாங்க, ஏ வகையும் வாங்குறாங்க. ஒரே வகை வாங்கினா சுலபம் இல்லையா?

பராமரிப்புக்குச் சுலபம்தான். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. பி வகை குறுகிய தூரத்தில் எழும்பி, செங்குத்தாக இறங்கும். லிம் சூ காங் சாலைக்காக அவ்வளவு பாடுபடும் நாட்டுக்கு, நீண்ட ஓடுபாதையே தேவைப்படாத விமானம் எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு விலையும் உண்டு: விமானிக்குப் பின்னால் நிற்கும் தூக்குவிசிறி, எரிபொருளுக்கும் ஆயுதத்துக்கும் உரிய இடத்தைத் தின்றுவிடுகிறது. ஏ வகையில் அந்த விசிறி இல்லை. ஆகவே அதிக தூரம் போகும், அதிக எடை சுமக்கும்.

அறிவிக்கப்பட்ட கொள்முதல் பி வகையில் 12, ஏ வகையில் 8, ஆக 20. முதல் விமானங்கள் 2026-இன் இறுதிவாக்கில் ஒப்படைக்கப்படும் என்பது அறிவிப்பு.

பாய லேபார் தளத்தை மூடினா விமானமெல்லாம் எங்கே போகும்?

தெங்காவுக்கும் சாங்கிக்கும். 2030-களில் தொடங்கும் இடமாற்றம் இது. பாய லேபார் தளம் இருப்பதால் அதைச் சுற்றிய பெரும் பகுதியில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. தளம் போனபின் அங்கும் சுற்றிலும் சுமார் 1,50,000 வீடுகள் கட்டலாம் என்று 2022 தேசிய தினப் பேருரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். தெங்காவை விரிவாக்க சுவா சூ காங் மயானத்திலிருந்து சுமார் 80,000 கல்லறைகளைத் தோண்டி இடம் மாற்ற வேண்டும் என்று 2017-இல் அறிவித்தார்கள். லிம் சூ காங் சாலையின் ஒரு பகுதி தளத்துக்குள் போவதும், சாலையை வேறு தடத்தில் போடுவதும் அந்தத் திட்டத்தில் அடக்கம்.